ஸ்டைலிஸ்டிக்ஸ் முதல் எல்.பி.: எங்க ஊர் ஃபிலடெல்ஃபியாவின் பாட்டு, வாங்கலாமா?

நேரா விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நாலைந்து பேர் வெவ்வேறு ஸ்தாயியில் சேர்ந்து ஹார்மனி பாடும் பழைய சோல் வகையில் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு) ஒரே ஒரு எல்.பி. தட்டு வாங்கத்தான் கையில் காசு இருக்கிறது என்றால், ஸ்டைலிஸ்டிக்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தை வாங்குங்கள். 1971 நவம்பரில் அவ்கோ கம்பெனி வெளியிட்டது, ஆல்பத்துக்கும் குழுவின் பேரேதான். ஒன்பது பாட்டு, மொத்தம் ஏறக்குறைய அரை மணி நேரம். நான் வளர்ந்தது ஃபிலடெல்ஃபியாவின் மேற்கு எல்லையை ஒட்டிய அப்பர் டார்பியில், அதனால் இதில் ஊர்ப்பாசம் கொஞ்சமாவது கலந்திருக்கும், அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள். குறைகளும் இருக்கின்றன, அதையும் சொல்லத்தான் போகிறேன்.

எங்க ஊர்ப் பாட்டு என்றதும் வெளியூர்க்காரர்கள் உடனே சொல்வது டிஸ்கோவுக்கு முன்னோடி, கேம்பிள் - ஹஃப் என்ற தயாரிப்பாளர் ஜோடி, ‘சோல் ட்ரெய்ன்’ டிவி நிகழ்ச்சியின் தீம் மியூசிக், இவ்வளவுதான். தப்பில்லை. ஆனால் இந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் அவர்கள் மெல்லிசாகப் போகும் காதல் பாட்டுகளைத்தான் முதலில் சொல்வார்கள். டெல்ஃபானிக்ஸ், ஸ்டைலிஸ்டிக்ஸ், ப்ளூ மேஜிக். மூன்று குழுவிலும் ஒரு ஆள் உச்சஸ்தாயியில் பாடுவான், மற்றவர்கள் அடியில் தாங்கிப் பிடிப்பார்கள். வீட்டில் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது முதலில் ஒட்டாது. கள்ளக்குரல் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள், எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. ஆனால் காரில் 105.3 எஃப்.எம்., அதாவது டபிள்யூ.டி.ஏ.எஸ்., ஓடிக்கொண்டே இருந்தால் எத்தனை நாளைக்குத்தான் ஒதுக்க முடியும்? அம்மா இப்போது அடுப்படியில் முணுமுணுப்பது இந்த ஆல்பத்தில் இருக்கும் பாட்டைத்தான், வரி தெரியாது, ராகம் மட்டும்.

சரி, ஆல்பத்துக்கு வருவோம். 1968-ல் பெர்கஷன்ஸ், மோனார்க்ஸ் என்று இரண்டு உள்ளூர்க் குழுக்களில் மிஞ்சியவர்கள் ஒன்றுசேர்ந்து ஆரம்பித்ததுதான் ஸ்டைலிஸ்டிக்ஸ். ரஸல் தாம்ப்கின்ஸ் ஜூனியர், ஏரியன் லவ், ஜேம்ஸ் ஸ்மித், ஜேம்ஸ் டன், ஹெர்ப் மரல், ஐந்து பேர். முதலில் ஒரு சின்ன உள்ளூர் லேபிளில் ‘யூ ஆர் எ பிக் கேர்ள் நவ்’ என்று ஒரு சிங்கிள் போட்டார்கள், அது ஊருக்குள் பற்றிக்கொண்டது, அவ்கோ வந்து குழுவை எடுத்துக்கொண்டது, 1971 ஆரம்பத்தில் அந்தப் பாட்டு அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (கறுப்பின இசை) ஹிட் பட்டியலில் 7-ஆம் இடம் வரை போனது. அப்புறம்தான் இசைத் தயாரிப்பாளர் தாம் பெல் வருகிறார். டெல்ஃபானிக்ஸ் குழுவை ஏற்கெனவே உச்சத்தில் உட்கார வைத்தவர். அவருக்கு இந்தப் பையன்கள் பாடிக் காட்டியபோது பெரிதாக ஒன்றும் பிடிக்கவில்லையாம். உச்சஸ்தாயியில் பாடும் தாம்ப்கின்ஸின் குரலுக்காக மட்டும்தான் சரி என்றிருக்கிறார். கம்பெனியும் உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் என்று விட்டுவிட்டது.

இந்த ஒரு சங்கதியைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஆல்பம் முழுக்கப் புரிந்துவிடும். வெளியே ஐந்து பேர் குழு. உள்ளே கேட்டால் ஒரு குரல், அதைச் சுற்றி ஒரு வாத்தியக் குழு, ரொம்பத் தள்ளி மற்ற நாலு பேர். ஹார்மனிக்காகவே வாங்குகிறவர்கள் முதல் தடவை கேட்டதும் ஏமாந்த மாதிரி உணர்வார்கள். எனக்கும் இதில் பெல் மேல் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஆனால் எதைப் பின்னால் தள்ளினாரோ அதை எவ்வளவு அளந்து வைத்திருக்கிறார் என்று கவனிக்க ஆரம்பித்தால் அந்த மனத்தாங்கல் பாதி கரைந்துவிடும்.

‘யூ ஆர் எவ்ரிதிங்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே ஒரு எலெக்ட்ரிக் சிதார். சிதார் என்றதும் ரவிசங்கரை நினைக்க வேண்டாம், இது 60-களில் அமெரிக்காவில் செய்த ஒரு வகை கிட்டார்தான், கம்பி உட்காரும் பிரிட்ஜைத் தட்டையாக வைத்துவிட்டால் தம்புராவில் நூல் வைத்து வரவழைப்பதைப் போன்ற ஒரு ரீங்காரம் வரும், கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர் யாரும் வாசித்துவிடலாம். அந்த ரீங்காரத்தோடு இறங்கி வருகிற இடத்தில் தாம்ப்கின்ஸ் எடுப்பது உச்சஸ்தாயி இல்லை, சாதாரணமாகப் பேசுகிற இடத்தில்தான் தொடங்குகிறார். கதை ரொம்பச் சின்னது. தெருவில் ஒருத்தி போகிறாள், நடை இவனுடைய காதலியைப் போலவே இருக்கிறது, தெருமுனையில் திரும்பப் போகிறாள், இவன் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறான், திரும்பிப் பார்த்தால் வேறு யாரோ. கூசிப்போகிறான். அவ்வளவுதான் கதை. இதுவரைக்கும் அவன் தனி ஆள், பின்னால் யாரும் இல்லை என்றே சொல்லலாம். பல்லவி வரும்போதுதான் மற்ற குரல்கள் ஒன்றாக உள்ளே வருகின்றன, அப்போது அவன் மேலே ஏறுகிறான். வெட்கப்பட்டுத் தனியாக நிற்கிறவனுக்கு நாலு பேர் வந்து தோள் கொடுக்கிற மாதிரி இருக்கும் அந்த இடம். குரல்களைக் கூட்டிக்கொண்டே போகாமல், எங்கே கூடாது என்று முதலில் முடிவு செய்தவர் பெல் என்பது இந்தப் பாட்டில்தான் எனக்கு உறைத்தது. அமெரிக்காவின் பொது ஹிட் பட்டியலான ஹாட் 100-ல் 9-ஆம் இடம் போன பாட்டு இது, போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதைவிடப் பெரிய ஹிட் ‘பெட்சா பை கோலி, வாவ்’, 1972-ல் 3-ஆம் இடம். கல்யாண வீடுகளில் இன்றும் போடுகிறார்கள், பிரின்ஸ்கூட 1996-ல் தன் பங்குக்குப் பாடினார். நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் தேன் கொஞ்சம் கூடுதல். வயலின்கள் விடாமல் தடவிக்கொண்டே இருக்கும், நடுவில் ஒரு மூச்சு விட இடம் கிடைத்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். இதைச் சொன்னால் என் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

என்னைக் கேட்டால் இந்தத் தட்டுக்குக் கொடுக்கும் காசு இரண்டாம் பக்கத்தில் இருக்கும் ‘பீப்பிள் மேக் த வேர்ல்ட் கோ ரவுண்ட்’ ஒன்றுக்கே போதும். ரேடியோவில் வருவது வெட்டிச் சுருக்கியது, ஆல்பத்தில் ஆறு நிமிஷத்துக்கு மேல். காற்று வீசும் சத்தத்தில் தொடங்கும், அப்புறம் மரிம்பா, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம். காதலே இல்லாத பாட்டு. குப்பை அள்ளுகிறவர்கள் வரவில்லை, கூலி போதவில்லை என்கிறார்கள். பஸ் ஓடவில்லை, டிரைவர்கள் ஸ்டிரைக். அந்த அந்தரத்தில் மிதக்கும் குரலை வைத்து இதைப் பாட வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? எழுதியது லிண்டா கிரீட். எங்க ஊர்ப் பெண், இந்த ஆல்பம் வந்தபோது 23 வயதுகூட நிரம்பவில்லை. பெல் மெட்டுப் போட, கிரீட் வரி எழுத, இந்த ஆல்பத்தின் முக்கியமான பாட்டுகள் எல்லாம் அந்த ஜோடியின் வேலை. ‘த கிரேட்டஸ்ட் லவ் ஆஃப் ஆல்’ பாட்டின் வரிகளும் அவருடையதுதான். விட்னி ஹூஸ்டன் பாடி அது 1986 மே மாதம் முதலிடம் பிடித்தபோது கிரீட் உயிரோடு இல்லை, ஏப்ரலில் மார்பகப் புற்றுநோயில் போய்விட்டார், வயது 37.

குப்பை என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 ஜூலையில் இங்கே நகராட்சித் தொழிலாளர்கள் எட்டு நாள் ஸ்டிரைக் செய்தார்கள், தெருவுக்குத் தெரு குப்பை மலை, வெயில் வேறு. மேயர் பார்க்கரின் பேரை வைத்து அந்தக் குவியல்களுக்கு ஊரே ஒரு பட்டப்பேர் சூட்டியது. 1986-லும் இப்படித்தான், அது இருபது நாள். பஸ் ஸ்டிரைக்கும் எங்களுக்குப் புதிதல்ல, 1998-ல் நாற்பது நாள் ஓடவில்லை. அதனால் இந்தப் பாட்டை ‘அந்தக் காலத்து சமூகப் பாட்டு’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். மைக்கேல் ஜாக்சனும் 1972-ல் சின்னப் பையனாகப் பாடியிருக்கிறார், கேட்கலாம், ஆனால் ஸ்டைலிஸ்டிக்ஸ் பாடியதில் இருக்கும் அந்த அலுப்பு, ‘என்ன செய்யறது, உலகம் அப்படித்தான்’ என்கிற தொனி, அது பெரியவர்களுக்குத்தான் வரும்.

இப்போது நான் முதலில் சொன்ன ‘யூ ஆர் எ பிக் கேர்ள் நவ்’. பெல் வருவதற்கு முன்னாலேயே பதிவானது, அதை அப்படியே எடுத்து இந்த ஆல்பத்தில் சேர்த்துவிட்டார்கள். எழுதியவர்கள் குழுவின் ரோடு மேனேஜர் மார்ட்டி பிரையன்ட்டும், பின்னணி வாசித்த ராபர்ட் டக்ளஸும். ஒரு பாட்டு விட்டு அடுத்த பாட்டு என்று வரிசையாகக் கேட்டு வந்தால் இந்த இடத்தில் சட்டென்று அறை மாறிவிட்ட மாதிரி தெரியும். சத்தம் மட்டம்தான், ஆர்ப்பாட்டமான ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. ஆனால் பையன்கள் கிட்டத்தில் நிற்கிறார்கள்! ஒவ்வொருவரும் மற்றவர் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுகிறார்கள் என்பது காதில் விழும். எங்க ஊரின் ஒட்டு வீடுகளில் வாசல் படிக்கட்டு நேராக நடைபாதைக்கு இறங்கும், வாத்தியம் வாங்கக் காசில்லாத பையன்கள் அந்தப் படியிலும் தெருமுனையிலும் நின்று வாயாலேயே எல்லாவற்றையும் பாடிப் பழகியதில் இருந்து வந்ததுதான் இந்த ஹார்மனி எல்லாம். அந்தத் தெரு வாசனை ஆல்பத்தில் மிச்சம் இருப்பது இந்த ஒரு பாட்டில்தான். பளபளப்பு எதிர்பார்க்கிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள், தயவுசெய்து தாண்டாதீர்கள்.

மற்றவை? ‘ஸ்டாப், லுக், லிசன்’ அருமையான தொடக்கம்; மார்வின் கேயும் டயானா ராஸும் பிறகு இதைச் சேர்ந்து பாடியது பலருக்குத் தெரிந்திருக்கும், எனக்கு முதலில் வந்ததுதான் பிடிக்கும். ‘பாயின்ட் ஆஃப் நோ ரிட்டர்ன்’ பரவாயில்லை. ‘கன்ட்ரி லிவிங்’, ‘எபனி ஐஸ்’ இரண்டும் இடத்தை நிரப்ப வந்தவை, ஓடினால் ஓடட்டும் என்று விட்டுவிடலாம்.

ஒலிப்பதிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹெட்ஃபோனில் கேட்டால்தான் இது தெரியும். சிக்மா சவுண்ட் ஸ்டூடியோ, வடக்கு 12-ஆம் தெரு, கதவு எண் 212. ஜோ டார்சியா 1968-ல் ஆரம்பித்தது. டிரம்ஸ் எர்ல் யங், பாஸ் ரானி பேக்கர், கிட்டார் நார்மன் ஹாரிஸ், இவர்களைச் சுற்றித் திரண்ட வாத்தியக்காரர்கள்தான் பின்னால் எம்.எஃப்.எஸ்.பி. என்ற பேரில் புகழ் பெற்றார்கள். பெல் சின்ன வயதிலேயே மேற்கத்திய செவ்வியல் பியானோ படித்தவர், அதனால் சோல் பாட்டில் ஃப்ரெஞ்ச் ஹார்ன், ஓபோ என்றெல்லாம் தயங்காமல் கொண்டுவருவார். இளையராஜா பாட்டில் பல்லவிக்கு அடியில் ஓடும் இன்னொரு மெட்டைத் துரத்திக் கேட்கிற ஆள் நீங்கள் என்றால் இங்கே உங்களுக்கு விருந்துதான். குரலை விட்டுவிட்டு ஒரு தடவை ஹார்ன் மட்டும், ஒரு தடவை பாஸ் மட்டும் என்று கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்து ராக் பாடகர் டேவிட் போவி 1974-ல் இந்த ஊர்ச் சத்தம் வேண்டும் என்று தேடி வந்ததும் இதே ஸ்டூடியோவுக்குத்தான். இப்போது அந்தக் கட்டடத்தின் வாசலில் ஒரு வரலாற்றுப் பலகை நிற்கிறது, 2015-ல் வைத்தது. பழைய டேப்புகள் ஆயிரக்கணக்கில் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 2022 மட்டும் எங்களுக்கு மோசமான வருஷம்: ஜூலையில் டெல்ஃபானிக்ஸின் வில்லியம் ஹார்ட், நவம்பரில் டார்சியா, டிசம்பரில் தாம் பெல் என்று மூன்று பேரும் போய்விட்டார்கள்.

வாங்கும் விவகாரம். பழைய தட்டு நிறைய விற்றது, அதனால் பழைய ரெக்கார்டு கடைகளில் கிடைப்பது கஷ்டமில்லை. கஷ்டம் நல்ல நிலையில் கிடைப்பதுதான். இந்தத் தட்டுகளை யாரும் அலமாரியில் பூட்டி வைக்கவில்லை, வீட்டு விருந்துகளில் தேயத் தேயப் போட்டிருக்கிறார்கள், அதுவும் கனமான ஊசி வைத்த பழைய பிளேயர்களில். தேய்ந்த தட்டு முதலில் கெடுப்பது உச்சஸ்தாயிக் குரலைத்தான், ‘ஸ’ சத்தம் வரும் இடமெல்லாம் எண்ணெயில் தண்ணீர் விழுந்தது போலத் தெறிக்கும். நடு வட்டத்தை நெருங்க நெருங்க மோசமாகும், அதாவது ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டு. நான் ஒரு கடையில் ‘ரொம்ப நல்ல நிலை’ என்று சீட்டு ஒட்டியதை நம்பி வாங்கி வந்தேன், பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது, வீட்டில் போட்டால் தாம்ப்கின்ஸுக்கு ஜலதோஷம். திருப்பி எடுத்துப் போனதற்குக் கடைக்காரர் ‘பழைய தட்டு அப்படித்தான் சார்’ என்ற பாணியில் கையை விரித்துவிட்டார். ஆகவே கடையில் பிளேயர் இருந்தால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஊசியை முதல் பாட்டில் வைக்க விடாதீர்கள், அந்தப் பக்கத்தின் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே குரல் சுத்தமாக இருந்தால் மற்ற இடங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். லேசான கீறலால் வரும் டிக் டிக் சத்தம் பரவாயில்லை, குரல் கரகரத்தால் மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

தட்டு வாசிக்கும் வசதி இல்லாதவர்கள் ஸ்ட்ரீமிங்கிலேயே கேட்கலாம், இழப்பு பெரிதாக இல்லை. ஒன்று மட்டும் பாருங்கள்: மலிவுத் தொகுப்புகளில் பல வருஷம் கழித்து மறுபடி பாடிப் பதிவு செய்ததைப் பழைய அட்டைப்படத்தோடு தள்ளிவிடுகிறார்கள். கீபோர்டு வயலின் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடலாம். ஆல்பம் பேரைப் போட்டு, ஒன்பது பாட்டும் இருக்கிறதா, ‘பீப்பிள்’ பாட்டு ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.

மேடைக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாம்ப்கின்ஸ் 2000-லேயே குழுவை விட்டு விலகி, பிறகு நியூ ஸ்டைலிஸ்டிக்ஸ் என்று தனியாக ஆரம்பித்தார். பழைய பேரில் குழுவைத் தொடர்ந்து நடத்தியது லவ்வும் மரலும். எந்தக் குழு, யார் பாடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டு எடுங்கள். தட்டில் கேட்ட குரலையே மேடையிலும் எதிர்பார்த்துப் போனால் சங்கடம்.

இந்த ஆல்பம் பிடித்துவிட்டால் அடுத்து என்ன என்று கேட்பீர்கள். ‘ரவுண்ட் 2’ 1972-ல் வந்தது, ‘பிரேக் அப் டு மேக் அப்’ அதில்தான் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் ஹார்மனிக்காகத் தேடுகிறவர்கள் 1973-ல் வந்த ‘ராக்கின் ரோல் பேபி’ ஆல்பத்தில் ‘யூ மேக் மீ ஃபீல் பிராண்ட் நியூ’ பாட்டுக்கு நேராகப் போங்கள். அதில் பெல் ஒரு வழியாக மனசு இறங்கி ஏரியன் லவ்வுக்கு முன்னால் இடம் கொடுத்திருக்கிறார்: கீழ்ஸ்தாயியில் அவர் தொடங்கி வைப்பார், தாம்ப்கின்ஸ் மேலே வாங்கிக்கொள்வார், இரண்டு குரலுக்கும் இடையில் இருக்கும் அந்த இடைவெளியிலேயே பாட்டு உட்கார்ந்திருக்கும். 1974-ல் 2-ஆம் இடம் வந்தது. மூன்றாவது ஆல்பத்தோடு பெல் விலகிவிட்டார், அதற்கப்புறம் வந்தவை இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்தன, 1975-ல் முதலிடமெல்லாம் பிடித்தன, என் அலமாரியில் அவற்றுக்கு இடமில்லை. அந்தக் காசுக்கு டெல்ஃபானிக்ஸ் ஒன்று வாங்கிவிடுவேன்.